ட்ரோன் பறக்கவிடவும் வானிலிருந்து படமெடுக்கவும் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக ட்ரோன் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முன்பாதி பறப்பதைப் பற்றியது, பின்பாதி படமெடுப்பதைப் பற்றியது. இரண்டும் ஒரே பயிற்சிதான் என்பது என் எண்ணம். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தெரு தெரியாது. விரல்கள் தாமாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் கண் ஃப்ரேமுக்குள் போகும். பதில்களையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பேட்டரிகளையும் ரிமோட்டையும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஆப் கேட்கும் அப்டேட்டுகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மைதானத்தில் நின்றுகொண்டு அப்டேட் இறங்கக் காத்திருப்பது வீண். பிறகு மரமும் கம்பியும் ஆட்களும் இல்லாத ஒரு திறந்தவெளியைத் தேடிப் பிடியுங்கள். மண்ணும் தூசியும் மோட்டாருக்குள் போகாமலிருக்க, கீழே விரிக்க ஒரு தட்டையான பாய் போதும்.

முதல் சில பேட்டரிகள் தீரும்வரை ரெக்கார்ட் பட்டனைத் தொடாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கேமரா ஓடத் தொடங்கியதும் மனம் படத்துக்குப் போய்விடும், ட்ரோன் எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுவோம். புதியவர்கள் மரத்தில் மோதுவது பெரும்பாலும் திரையைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டிலோ பின்னோக்கியோ பறக்கும்போதுதான்.

எந்த ஸ்டிக் எதைச் செய்யும்?

பெரும்பாலான ரிமோட்டுகள் 'மோட் 2' அமைப்பில் வரும். இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் ட்ரோன் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும்; இடம் வலமாகத் தள்ளினால் நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பும். வலது ஸ்டிக் முன், பின், இடம், வலமாக நகர்த்தும். 'மோட் 1' வேறு மாதிரி: ஏறி இறங்குவது வலது கைக்கும், முன்பின் போவது இடது கைக்கும் போய்விடும். வேறொருவரின் ரிமோட்டை வாங்கிப் பறக்கவிடும் முன் எந்த மோட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலை மட்டும் ஸ்டிக்கின் மேல் வைத்து ஓட்டலாம், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்தும் ஓட்டலாம். படமெடுக்க நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். மிகச் சிறிய அசைவுகளை அதில்தான் அளந்து கொடுக்க முடிகிறது.

ட்ரோன் என்னைப் பார்த்துத் திரும்பியதும் குழம்பிவிடுகிறேன். இது எப்போது சரியாகும்?

ட்ரோனின் மூக்கு உங்களை நோக்கியிருக்கும்போது அதன் வலது உங்களுக்கு இடது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது உங்கள் இடப்பக்கம் போகும். மூளை இதை விதியாகக் கற்றால் ஆபத்தான நேரத்தில் கைகொடுக்காது. விரல் பழகியிருக்க வேண்டும். அதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. ட்ரோனைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேல் உயரத்தில், உங்களைப் பார்த்தபடி நிறுத்துங்கள். திரையைப் பார்க்காமல் ட்ரோனை மட்டுமே பார்த்து ஒரு மீட்டர் இடம், ஒரு மீட்டர் வலம், ஒரு மீட்டர் முன், ஒரு மீட்டர் பின் என்று நகர்த்துங்கள். குழப்பம் வந்தால் இரண்டு ஸ்டிக்குகளையும் விட்டுவிடுங்கள், ஜி.பி.எஸ். உள்ள ட்ரோன் அங்கேயே நிற்கும். 'எல்லாவற்றையும் விட்டுவிடு' என்பதையே முதல் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எதையாவது தள்ளும் கைதான் ட்ரோனை உடைக்கிறது.

வேறு என்னென்ன பயிற்சிகள் உண்மையிலேயே பயன் தரும்?

மூன்றைச் சொல்வேன்.

முதலாவது சதுரம். தரையில் நான்கு மூலைகளை அடையாளம் வைத்து, மூக்கை ஒரே திசையில் வைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் மூக்கைத் திருப்பி, போகும் திசையைப் பார்த்தபடி சுற்றுங்கள். இரண்டாவது முறையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இடது வலது மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் குழப்பத்தைத் தாண்டத்தான் இந்தப் பயிற்சி.

இரண்டாவது எட்டு. முன்னே போய்க்கொண்டே மூக்கைத் திருப்பி எட்டுப் போடுவது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அளவில் வேலை செய்ய வேண்டியிருப்பதால், அவசரப்பட்டால் எட்டு உருளைக்கிழங்கு வடிவத்துக்குப் போய்விடும். வேகத்தைக் குறைத்து, இரண்டு வட்டமும் ஒரே அளவில் வரும்வரை விடாதீர்கள்.

மூன்றாவது, ஒரு பொருளைச் சுற்றுவது. எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது, படத்துக்கு நேரடியாகப் பயன்படுவதும் இதுதான். நடுவில் ஒரு பொருளை வைத்து, அதைப் பார்த்தபடி வலது ஸ்டிக்கை வலப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். கூடவே இடது ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளுங்கள். இரண்டு ஸ்டிக்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் ட்ரோன் ஒரு திசையில் சுற்றும், ஒன்றையொன்று நெருங்கினால் எதிர்த்திசையில் சுற்றும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் வலது ஸ்டிக்கை மயிரிழை அளவு முன்னே தள்ளுங்கள். பொருள் ஃப்ரேமின் ஓரத்துக்கு நழுவினால் திருப்பும் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். பல ட்ரோன்களில் இதைத் தானாகச் செய்யும் வசதி உண்டு. ஆனாலும் கையால் செய்யப் பழகுங்கள். இதில் தேறியவர்களுக்கு மற்ற ஷாட்டுகள் பாதி வந்துவிட்டது போலத்தான்.

சிமுலேட்டரில் பழகினால் போதாதா?

திசை பழகுவதற்கு மிகவும் நல்லது. கணினியுடன் ரிமோட்டை இணைத்துப் பழகும் சிமுலேட்டராக இருக்கட்டும். போன் திரையில் விரலைத் தேய்ப்பதில் ஸ்டிக்கின் பிடிமானம் வராது. காற்று, வெயிலில் மங்கும் திரை, பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள் ஆகியவற்றுக்கு நடுவே பறப்பது வெளியில்தான் பழகும்.

ஜி.பி.எஸ். தான் பிடித்து நிறுத்துகிறதே, இவ்வளவு பயிற்சி எதற்கு?

ஜி.பி.எஸ். எப்போதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். உயரமான கட்டடங்களுக்கு இடையே, குறுகிய பள்ளத்தாக்குகளில், கூரைக்கு அடியில் சாட்டிலைட்டுகள் குறையும். கீழ்நோக்கிய கேமரா சென்சார் சில ட்ரோன்களில் அந்த நேரத்தில் உதவும். அதற்கும் தரையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வடிவம் தெரிய வேண்டும், போதிய வெளிச்சமும் வேண்டும். அசையும் நீர்ப்பரப்பு, ஒரே நிறத்தில் விரியும் மணல், இருட்டு ஆகியவற்றில் அது தடுமாறும். இரண்டும் இல்லாதபோது ட்ரோன் உயரத்தை மட்டும் காத்துக்கொண்டு காற்றோடு நழுவும். பிரேக் பிடிக்க ஸ்டிக்கை விட்டால் போதாது. எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் பயிற்சி.

மேலே ஏற்றும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கிம்பலின் (கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி) மூடியைக் கழற்றியாயிற்றா, பேட்டரி 'க்ளிக்' என்று பூட்டியதா, ப்ரொப்பெல்லர்களில் விரிசலோ ஓரச் சிராய்ப்போ உண்டா, மெமரி கார்டு உள்ளே இருக்கிறதா. ப்ரொப்பெல்லர்களில் இரண்டு கடிகாரத் திசையிலும் இரண்டு எதிர்த்திசையிலும் சுழலும். புதிதாக மாற்றும்போது அதன் மேலுள்ள குறியையும் மோட்டார் மேலுள்ள குறியையும் பொருத்திப் பார்க்காவிட்டால் ட்ரோன் எழும்பும்போதே கவிழும்.

காம்பஸ் பிழை காட்டினால் முதலில் இடத்தை மாற்றுங்கள். காரின் மேல், இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் தளத்தின் மேல், இரும்பு மேன்ஹோல் மூடிக்குப் பக்கத்தில் வைத்தால் காம்பஸ் குழம்பும். அதே இடத்தில் நின்று கேலிபிரேஷன் (காம்பஸைச் சரிப்படுத்துவது) செய்தால் பிழை இன்னும் ஆழமாகப் பதியும்.

அடுத்தது ஹோம் பாயிண்ட், அதாவது ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம். 'ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது' என்று ஆப் சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு 'வீடு திரும்பும் உயரம்' என்ன என்று பாருங்கள். சிக்னல் அறுந்தால் ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பி வரும். சுற்றியுள்ள மிக உயரமான மரம், கோபுரம், கட்டடத்தைவிடக் கணிசமாக மேலே அதை வையுங்கள். போன வாரம் வெட்டவெளியில் வைத்த அளவு இன்று மலையடிவாரத்தில் ஆபத்தாகிவிடும், அதனால் இடம் மாறும்போதெல்லாம் இதைப் பாருங்கள். படகிலிருந்து ஏற்றினால் ஹோம் பாயிண்ட் தண்ணீரிலேயே தங்கிவிடும், படகு நகர்ந்திருக்கும்! படகுப் பயணத்தில் ஹோம் பாயிண்டை அடிக்கடி புதுப்பிக்காமல் பறக்கவே கூடாது.

எவ்வளவு காற்றில் பறக்கலாம்?

கையேட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சிறிய ட்ரோன்கள் பலவும் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றுவரை தாங்கும். அது எல்லை, வசதியாகப் படமெடுக்கும் அளவு அதில் பாதிதான் என்பேன். தரையில் இலை அசையாமல் இருந்தாலும் 80, 100 மீட்டர் உயரத்தில் காற்று பலமாக இருக்கக்கூடும்.

இதில் ஒரு விதி பொன்னானது: போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது காற்றோடு வாருங்கள். மாறிச் செய்தால் போவது சுலபமாக இருக்கும். பேட்டரி குறைந்த பிறகு எதிர்காற்றில் திரும்ப வேண்டிவரும். எதிர்காற்றில் ட்ரோன் நகரவே இல்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள். கீழே காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும்.

பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது? எத்தனை சதவீதத்தில் இறக்க வேண்டும்?

30 சதவீதத்தில் திரும்பத் தொடங்குங்கள். கடைசி 20 சதவீதத்தை ஷாட்டுக்காகச் செலவழிக்காதீர்கள். லித்தியம் செல்லின் மின்னழுத்தம் கடைசியில் படிப்படியாக இறங்காது, சட்டென்று சரியும். குளிரில் இது இன்னும் மோசம். குளிர்ந்த பேட்டரியை ஏற்றியதும் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்திச் சூடேற விடுங்கள்.

பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து எடுத்து வையுங்கள். உப்பிய பேட்டரியை, எவ்வளவு சிறிதாக உப்பியிருந்தாலும், மறுபடி பறக்க விடாதீர்கள். விமானப் பயணத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-அவருக்குள் இருப்பவற்றுக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. வீடியோ எடுக்கும் சிறிய ட்ரோன்களின் பேட்டரிகள் இந்த அளவுக்குள்தான் இருக்கும்.

தடைகளைக் கண்டுபிடிக்கும் சென்சார் இருக்கிறது. அதை நம்பலாமா?

சுவர், அடர்ந்த மரம் என்றால் நம்பலாம். மின்கம்பி, இலை உதிர்ந்த மெல்லிய கிளை, கண்ணாடி ஆகியவற்றை அது தவறவிடும். வெளிச்சம் குறைந்தாலும் தவறவிடும். எல்லா ட்ரோன்களிலும் எல்லாப் பக்கமும் சென்சார் கிடையாது. பல மாடல்களில் ஸ்போர்ட்ஸ் மோடுக்கு மாற்றினால் தடை உணர்வு முழுதாகவே அணைந்துவிடும், இது பலருக்கும் தெரிவதில்லை.

கம்பியைத் தேடுவதைவிடக் கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பங்கள் தெரிந்தால் நடுவே கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேராகக் கீழே இறக்கும்போது ட்ரோன் தள்ளாடுகிறதே?

ப்ரொப்பெல்லர்கள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் இறங்குவதுதான் காரணம். கலங்கிய காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. மெதுவாக இறக்குங்கள், அல்லது முன்னேயோ பக்கவாட்டிலோ நகர்ந்தபடி சாய்வாக இறக்குங்கள். தள்ளாட்டம் நின்றுவிடும்.

திரை திடீரென்று கறுத்துவிட்டால்?

படம் வரவில்லை என்பதால் கட்டுப்பாடும் போய்விட்டது என்று பொருளில்லை. ஸ்டிக்குகளை விட்டுவிட்டு வானத்தில் ட்ரோனைத் தேடுங்கள். கண்ணில் பட்டால் கையால் திருப்பிக் கொண்டுவரலாம். படவில்லை என்றால் 'வீடு திரும்பு' பட்டனை அழுத்துங்கள். ரிமோட்டின் ஆன்டெனாவும் முக்கியம்: அதன் நுனியை ட்ரோனை நோக்கிக் குத்தக் கூடாது, தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் ட்ரோனுக்கும் நடுவே கட்டடமோ குன்றோ வந்தால் எந்த ஆன்டெனாவாலும் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளின் விதிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல ட்ரோன்தான் வைத்திருக்கிறேன். ஆனால் என் வீடியோ ஏன் சினிமாவில் பார்ப்பது போல வரவில்லை?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பத்தில் ஒன்பது பேருக்குப் பதில் கேமராவில் இல்லை, இடது கட்டைவிரலில் இருக்கிறது. புதியவர்கள் ட்ரோனை மிக வேகமாகத் திருப்புகிறார்கள், திருப்பலின் தொடக்கமும் முடிவும் வெட்டென்று இருக்கிறது. ஒரு பொருள் ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு விநாடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் கடைப்பிடிக்கும் பழைய கணக்கு. பல ட்ரோன்களில் இருப்பது 24 மி.மீ.க்குச் சமமான லென்ஸ். அது கிடைமட்டத்தில் சுமார் 73 டிகிரி பார்க்கும். அப்படியென்றால் விநாடிக்குப் பத்து டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது. செய்து பாருங்கள், எவ்வளவு மெதுவானது என்று தெரியும். பறக்கும்போது சலிப்பாக இருக்கும் வேகம்தான் திரையில் சரியாக இருக்கும்.

ஆப்பின் செட்டிங்கில் 'எக்ஸ்போ', திருப்பும் வேகம், கிம்பல் வேகம், கிம்பல் மென்மை என்று சில அளவுகள் இருக்கும். ஸ்டிக்கின் நடுப்பகுதி மந்தமாகும்படி எக்ஸ்போவை மாற்றி, மற்ற வேகங்களைக் குறைத்துவிடுங்கள். 'சினி' அல்லது 'ட்ரைபாட்' மோட் இருந்தால் அதிலேயே பழகுங்கள்.

இன்னொன்று: ஷாட் தொடங்குவதற்கு ஐந்து விநாடி முன்பே ரெக்கார்ட் செய்யுங்கள், முடிந்த பிறகும் ஐந்து விநாடி அசைவைத் தொடருங்கள். வெட்டி எடுக்க இடம் வேண்டும். அசைவு நடுவில் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் தொடக்கத் தடுமாற்றம் யார் கண்ணிலும் படாது.

ஒரு ஷாட்டுக்கு ஒரு நோக்கம் போதும். முன்னே போய், ஏறி, திரும்பி, கேமராவைக் கவிழ்த்து, பிறகு பின்னே வரும் ஷாட்டைப் பார்ப்பவருக்கு எதைப் பார்ப்பதென்றே தெரியாது.

எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும்?

நினைப்பதைவிடத் தாழ்வாக. வானிலிருந்து எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம் 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரம். அப்போது மேலிருந்து பார்ப்பதே ஒரு அதிசயம். இன்று எல்லோரும் அந்தக் கோணத்தைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். உயரம் மட்டுமே ஒரு படத்தைத் தாங்காது.

100 மீட்டர் உயரத்தில் எல்லாமே தொலைவு. ட்ரோன் வேகமாகப் போனாலும் படம் நின்றதுபோலத் தெரியும், ஏனென்றால் ஃப்ரேமில் எதுவும் எதையும் கடந்து போவதில்லை. ஐந்து மீட்டரில் ஒரு புதரைக் கடந்து, அதற்கப்பால் ஏரி, அதற்கும் அப்பால் மலை என்று வைத்தால், புதர் வேகமாக நழுவும், ஏரி மெல்ல நகரும், மலை நிற்கும். இந்த வேக வித்தியாசம்தான் ஆழத்தைக் காட்டுகிறது. பத்து மடங்கு நெருங்கினால் அதே பறக்கும் வேகம் திரையில் ஏறக்குறைய பத்து மடங்காகத் தெரியும், அதனால் தாழ்வாகப் போகும்போது வேகத்தைக் குறைக்கலாம், பாதுகாப்பும் கூடும்.

மேலே போக வேண்டிய நேரமும் உண்டு. ஆற்றின் வளைவு, வயல்களின் கட்டங்கள், சாலைச் சந்திப்பு போன்ற வடிவங்கள் உயரத்தில்தான் துலங்கும். அப்போது கேமராவை நேர்கீழாகக் கவிழ்த்து எடுங்கள். பாதி வானமும் பாதி தரையுமாக 100 மீட்டரிலிருந்து எடுத்த படம்தான் என்னைப் பொறுத்தவரை மிகவும் பலவீனமானது.

புதியவர்கள் எந்த ஷாட்டுகளைப் பழகலாம்?

நேராக முன்னே போவதும், அதே பாதையில் பின்னே வருவதும் முதலில். பின்னே வரும் ஷாட்டுக்கு முன் ஒருமுறை அந்தப் பாதையில் பறந்து, பின்னால் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மறைத்துக் காட்டுவது: மரத்துக்கோ சுவருக்கோ பின்னாலிருந்து நேராக ஏறும்போது அப்பாலுள்ள காட்சி திறக்கும். தரையைப் பார்த்தபடி முன்னே போய்க்கொண்டே கேமராவை மெல்ல நிமிர்த்துவதும் இதன் இன்னொரு வடிவம். இதில் கிம்பல் சக்கரத்தை ஒரே வேகத்தில் சுழற்றுவதுதான் கடினம். அதற்கென்று தனியாக ஒரு பேட்டரி ஒதுக்கலாம்.

நடக்கும் ஆளையோ வண்டியையோ தொடர்வது கடைசியில். தானாகத் தொடரும் வசதி ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், பாதையில் வரும் கிளையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஷட்டர் வேகம், என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன் மாட்டும், ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவசியமா?

விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 விநாடி, 30 ஃப்ரேமில் எடுத்தால் 1/60. ஃப்ரேம் எண்ணிக்கையின் இரண்டு மடங்கு என்பது கணக்கு. அப்போது அசையும் பொருளில் கண்ணுக்குப் பழகிய அளவு மங்கல் விழும். நல்ல வெயிலில் எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஐ.எஸ்.ஓ. 100 (ஒளி உணர்திறன்) வைத்தால் கேமரா கேட்கும் ஷட்டர் 1/3200க்கு அருகில் இருக்கும். அதை 1/50க்குக் கொண்டுவர ஆறு ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), அது என்.டி. 64. என்.டி. 8 மூன்று ஸ்டாப், 16 நான்கு, 32 ஐந்து. மேகமூட்டத்தில் 8 அல்லது 16 போதும்.

இதைக் கட்டாய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தில் மெதுவாகப் போகும்போது எல்லாம் தொலைவில் இருப்பதால் மங்கலே பெரிதாக விழாது, ஃபில்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் காண்பது அரிது. தாழ்வாக, வேகமாக, தரையை உரசிப் போகும் ஷாட்டில்தான் அது தேவை. புகைப்படம் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

மற்ற கேமரா செட்டிங்குகள்?

ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாதீர்கள். ஷாட்டின் நடுவில் நிறம் மாறினால் எடிட்டிங்கில் சரி செய்வது பெரும்பாடு. வெயிலுக்கு 5500 கெல்வின் அளவில் பூட்டிவிடலாம். வெளிச்சத்தை, வானத்தின் பிரகாசமான பகுதி வெளுத்துப்போகாத அளவுக்குச் சற்றுக் குறைத்து வையுங்கள்; வெளுத்ததை மீட்க முடியாது, இருண்டதை ஓரளவு தூக்கலாம். லாக் ப்ரொஃபைலை (பிறகு நிறம் ஏற்றுவதற்காக வெளிறிய நிறத்தில் பதிவு செய்யும் முறை) 10 பிட்டில் எடுக்க முடிந்தால் மட்டும் தொடுங்கள். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், 10 பிட்டில் 1024. எட்டுப் பிட் லாக்கை இழுத்து நிறம் ஏற்றினால் வானத்தில் பட்டை பட்டையாக வரும். மெமரி கார்டில் 'வி30' என்ற குறி இருக்கட்டும். விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று அதற்குப் பொருள், சாதாரண 4கே வீடியோவுக்குப் போதும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும். நிழல் நீண்டு விழும்போது தரையின் மேடுபள்ளம் மேலிருந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். விதிவிலக்கு தெளிந்த ஆழமற்ற நீர். சூரியன் மேலே இருக்கும்போதுதான் அடிமணலும் நிறமும் துலங்கும். சூரியனை நோக்கிப் பறக்கும்போது சில கோணங்களில் ப்ரொப்பெல்லரின் நிழல் லென்ஸில் விழுந்து படத்தில் கோடுகள் துடிக்கும். கேமராவைக் கொஞ்சம் கவிழ்த்தாலோ திசையைச் சற்று மாற்றினாலோ போய்விடும்.

விதிகள், மற்றவர்கள், பறவைகள்?

உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளைப் படித்துவிட்டுத்தான் முதல் முறை ஏற்ற வேண்டும். பல நாடுகளில் உயர வரம்பு 120 மீட்டர். 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்களுக்குப் பல இடங்களில் சற்றுத் தளர்வு உண்டு. ஆனால் விமான நிலையத்தின் அருகே எந்த எடையானாலும் கூடாது. தீயணைப்போ மீட்புப்பணியோ நடக்கும் இடத்தில் ட்ரோனைக் கண்டால் ஹெலிகாப்டர்கள் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். அங்கே போகவே போகாதீர்கள்.

விதியில் இல்லாத இடங்களிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். மாடியில் துணி காயவைப்பவருக்குத் தலைக்கு மேல் நிற்கும் கேமரா எதைப் பார்க்கிறது என்று தெரியாது. முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், கேட்டால் திரையைக் காட்டுங்கள். பருந்து, காகம் போன்றவை கூடு கட்டும் காலத்தில் ட்ரோனைத் தாக்க வரும். பறவை சுற்றத் தொடங்கினால் ஷாட்டை விட்டுவிட்டு வெளியேறுங்கள். அது அதன் குஞ்சுகளுக்காகப் பறக்கிறது.

எஃப்.பி.வி. ட்ரோனுக்கு எப்போது போகலாம்?

கண்ணில் மாட்டும் திரைக் கண்ணாடியில் ட்ரோனின் கேமரா காட்டுவதைப் பார்த்தே பறப்பதுதான் எஃப்.பி.வி. அது வேறு கலை. முழு மேனுவல் மோடில் ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் நிற்காது, சாய்ந்த நிலையிலேயே போய்க்கொண்டிருக்கும். ஜி.பி.எஸ். ட்ரோனில் கற்ற 'விட்டுவிடு' என்ற பழக்கம் அங்கே எதிராகவே வேலை செய்யும். ஆகவே சிமுலேட்டரில் நீண்ட நேரம் செலவழித்து, பிறகு வீட்டுக்குள் பறக்கும் சிறிய, ப்ரொப்பெல்லருக்குக் காப்பு வளையம் உள்ள ட்ரோனில் தொடங்குங்கள். கண்ணாடி போட்டுப் பறக்கும்போது ட்ரோனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நான் முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்?

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். புது இடத்தில் காட்சியே நம்மை மயக்கிவிடும். பழகிய இடத்தில்தான் கை எப்படி வேலை செய்தது என்று தெரியும். ஒரு பேட்டரிக்கு மூன்று ஷாட் என்று முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த மூன்றை மட்டும் எடுங்கள். அன்றே பெரிய திரையில், இசை எதுவும் சேர்க்காமல் பாருங்கள். இசை குறைகளை மறைத்துவிடும். ஒவ்வொரு ஷாட்டிலும் அசைவு எங்கே உதறியது, எந்த விரல் அதைச் செய்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'இடது விரல், திருப்பலின் முடிவில்' என்று ஒரே குறிப்பு மூன்று நாள் தொடர்ந்து வந்தால், அடுத்த முறை மைதானத்தில் முதல் பேட்டரியை அந்த ஒன்றுக்கே கொடுங்கள்.